மழை படாத படியில் துரு: தஞ்சோங் பூங்காவில் ஒரு வெளிப்படிக்கட்டு

வீடு பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில், கடற்கரைச் சாலையை விட்டு மலைப்பக்கம் ஏறும் ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது. மேல்மாடியில் நின்றால் இரண்டு கொண்டோமினியங்களுக்கு நடுவே கடல் தெரியும். நேர்கோட்டில் முந்நூறு மீட்டருக்கு மேல் இருக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கீழே குடியிருக்கிறார். மேல்மாடியை வாடகைக்கு விடுவதற்காக வீட்டின் பக்கவாட்டில் தனிப் படி ஒன்று போட்டார். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டில் அதே மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் படி ஏற்கெனவே இருந்தது. அதைச் செய்த பட்டறைக்காரரிடமே சொல்லி, அதே வரைபடத்தில் செய்து, கோலாலம்பூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்து பூட்டினார்கள்.

செந்தூல் படி சில வருடங்களாகப் பளபளவென்று இருக்கிறது. பினாங்குப் படி முதல் வருடம் முடிவதற்குள் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. தம்பிக்கு நல்ல சாமானும் தனக்கு மட்டமான சாமானும் போட்டுவிட்டார் என்பது டீச்சரின் புகார். ஒரே ஸ்டாக்கில் வெட்டியது, வேண்டுமானால் பில்லைப் பாருங்கள் என்பது பட்டறைக்காரரின் பதில். பில்லில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் படி, ஒரு செட்' என்று மட்டும்தான் இருந்தது. எந்த ரகம் என்று ஒரு எழுத்து இல்லை. இங்கே பெரும்பாலான பில்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன. பின்னால் வரும் பாதிச் சண்டைக்கு இந்த ஒரு வரியே காரணம்.

உலோக வேலைகளைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். யார் சொல்வது சரி என்று பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எங்கே பழுத்திருக்கிறது

துருவின் அளவைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தப் படியில் கவனிக்க வேண்டிய விஷயம். கீழ்ப்பகுதிக்கு மேலே வானம்தான் கூரை. நடு லேண்டிங்கிலிருந்து மேலே போகும் பகுதிக்குப் பாலிகார்பனேட் கூரை போட்டிருக்கிறார்கள், குடியிருப்பவர் மழையில் நனையாமல் கதவைத் திறக்க. வெட்டவெளியில் நனையும் கீழ்ப்படிகள் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தன. கூரைக்கு அடியில் இருப்பவைதான் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் பழுத்திருந்தன.

குனிந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒரே படியில் மிதிக்கும் முகம் சுத்தம், அடிமுகம் பழுப்பு. கைப்பிடிக் குழாயில் மேல்பக்கம், அதாவது உள்ளங்கை தினமும் தேய்த்துக்கொண்டு போகும் பக்கம், மினுங்குகிறது. அதன் அடிவளைவில், பாலிஷ் கோடுகளின் போக்கிலேயே, மெல்லிய பழுப்பு வரிகள். படித்தகட்டைப் பக்கவாட்டு உத்தரத்தோடு முழுநீளத்துக்கு வெல்டிங் வைக்காமல் அங்கங்கே ஓர் அங்குலம் மட்டும் வைத்திருந்தார்கள். அந்த இடைவெளிகளிலிருந்து பழுப்புநீர் ஒழுகிக் காய்ந்த தடம் இருந்தது.

டீச்சர் இதற்கு வேறு முடிவு எடுத்து வைத்திருந்தார். மழைத்தண்ணீர்தான் படியைக் கெடுக்கிறது, கூரையைக் கடைசிப் படிவரை நீட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று கூரைக்காரரிடம் விலைகூடக் கேட்டாயிற்று. அந்த வேலையை முதலில் நிறுத்தச் சொன்னேன். நீட்டியிருந்தால் நன்றாக இருக்கும் பாதியும் கெட்டிருக்கும்.

உப்பு உட்கார்ந்த இடம்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கட்டிக்கொள்ளும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும். நல்ல தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. குளோரைடு, அதாவது கடல் உப்பு, அதே இடத்தில் தங்கிவிட்டால்தான் படலம் புள்ளிபுள்ளியாக உடைகிறது. ஆகவே ஒரு படி எவ்வளவு நனைகிறது என்று கேட்பதைவிட, அதன்மேல் வந்து உட்காரும் உப்பு எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறது, அதில் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். பினாங்கில் ராத்திரி நேரத்து ஈரப்பதம் சாதாரணமாகவே அதற்கு மேல். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 விழுக்காட்டிலேயே கரையும். நம் ஊரில் காற்று அவ்வளவு வறண்டுபோவது கிடையாது. எனவே கூரைக்கு அடியில் காய்ந்து கிடப்பதாக நாம் நினைக்கும் உப்பு, உண்மையில் ராத்திரியில் நீர்த்து, பகல் வெயிலில் கெட்டியாகி, எந்நேரமும் ஓர் உப்புக்கரைசலாகவே இருக்கிறது. சொட்டு மழை படாமலே அந்த இடம் ஈரம்தான்.

வெட்டவெளிப் படிக்கோ வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கிடைக்கிறது. இலவசமாகக் கழுவிவிடுகிறது.

இதைப் பேச்சில் நம்பவைக்க முடியாது என்பதால் அங்கேயே செய்து காட்டினேன். வாலைவடிநீரில் நனைத்த பஞ்சால் கூரைக்கு அடியிலுள்ள ஒரு படியின் அடிமுகத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்து, பஞ்சை அதே நீரில் பிழிந்து, ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டேன், குளோரைடு இருந்தால் அது வெளுக்கும். உடனே பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. கீழே மழை நனையும் படியின் மேல்முகத்தில் அதே அளவு துடைத்துச் செய்தபோது லேசான மங்கல் மட்டும். குழாய்த் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, அதிலேயே குளோரைடு இருக்கும். டீச்சர் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்போ கூரைதான் வில்லனா?" என்றார். பெரும்பங்கு அதுதான்.

உலோக அரிப்பின் வேகத்தை வைத்துச் சூழலை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரநிலை இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் சி1 மிக மென்மையான சூழல், சி5 மிகக் கடுமையானது, அதற்கும் மேலே சிஎக்ஸ். கடலோரத்தில் மழை மறைவான இடங்களை அது சி5 பக்கம் வைக்கிறது. ஒரே படிக்கட்டின் இரண்டு பாதிகள் இரண்டு வெவ்வேறு வகைக்குள் விழலாம் என்று அர்த்தம். பினாங்குக்கு ஒரு வகை, கோலாலம்பூருக்கு ஒரு வகை என்று ஊர்ப்பெயரை வைத்து உலோகம் தேர்ந்தெடுப்பது பாதிக் கணக்குதான்.

சாமான் மட்டமா?

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. முழுதும் சரியாகவும் சொல்லவில்லை.

காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஒட்டவில்லை என்றால் அசல் என்பார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்களை எண்ணால் சொல்வார்கள். 201, 304, 316 மூன்றிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது, மடித்த ஓரங்களில் மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஆகவே 430 போன்ற, காந்தம் நன்றாக ஒட்டும் ரகத்தைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம் உதவும். அதற்கு மேல் அது சொல்லும் சேதி விற்பவருக்கு நிம்மதி, அவ்வளவுதான். படித்தகடுகளில் மாலிப்டினம் சொட்டுச் சோதனை செய்தேன். நிறம் மாறவில்லை, ஆகவே மாலிப்டினம் கலந்த 316 கிடையாது. கைத்துப்பாக்கி மாதிரியான எக்ஸ்கதிர்க் கருவியை வாடகைக்கு எடுத்து வைத்தபோது உத்தரமும் படிகளும் 304 என்று வந்தன: குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு வாக்கில். கைப்பிடிக் குழாயில் நிக்கல் அதில் பாதிதான், மாங்கனீஸ் தாராளம். அது 201.

201 என்பது விலையேறிய நிக்கலுக்குப் பதில் மாங்கனீஸை வைத்துச் செய்த ரகம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வீட்டுக்குள் நன்றாகவே உழைக்கும், கடல்காற்றில் முதலில் கறுப்பது அதுதான். செந்தூல் வீட்டுக் கைப்பிடியையும் போய்ச் சோதித்தேன். அதுவும் 201! அங்கே வெல்டிங் ஓரங்களில் சில புள்ளிகள் தவிர ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பிற்பகலில் கொட்டும் மழை படியைக் கழுவுகிறது, உப்பு வருவதில்லை. ஆக, டீச்சர் சந்தேகப்பட்டதுபோல் அக்காளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று யாரும் பிரித்துப் போடவில்லை. இரண்டு பேருக்குமே கைப்பிடியில் ரகம் குறைத்திருக்கிறார்கள். செந்தூலின் காற்று அதை மன்னித்துவிட்டது.

மற்ற கோளாறுகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வெல்டிங் வைத்த இடங்களில் நீலமும் பொன்னிறமுமாக வெந்த நிறத்தை எடுக்காமலே விட்டிருந்தார்கள். அதற்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும், துரு அங்கேதான் பிள்ளையார்சுழி போடும். நடு லேண்டிங்கில் மிளகு தூவினாற்போல் செம்புள்ளிகள் இருந்தன. பக்கத்தில் ஜன்னல் கிரில்லைக் கிரைண்டரில் அறுத்தபோது தெறித்த சாதா இரும்புத் துகள்கள் ஒட்டித் துருப்பிடித்தவை. படி பூட்டியபின் கீழே தளஓடு பதித்தவர், சிமெண்ட் கறையைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக் கழுவியிருக்கிறார். உத்தரத்தின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு விசிறி விரித்த மாதிரி பழுப்பு, அதன் தெறிப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்கத்தில் அந்த அமில பாட்டிலைத் திறந்துவைப்பதே தப்பு, புகை போதும். குளோரின் பிளீச் கலந்து படி துடைப்பதும் அதே வகைதான்.

படி அளவுகளில் குறை இல்லை. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள் கேட்கும்படி உயரம் 180 மில்லிமீட்டருக்கு மிகாமலும், மிதி 255க்குக் குறையாமலும் இருந்தது. அந்த மட்டில் நல்ல கைவேலை.

யாரும் பார்க்காத போல்ட்டுகள்

பழுப்பைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பழுப்பு அசிங்கம், ஆபத்து இல்லை. 3 மில்லிமீட்டர் தகட்டில் அந்தக் கறை முடியளவுகூட உள்ளே போயிருக்கவில்லை. என்னைக் கவலைப்படுத்தியது அடித்தகட்டை கான்கிரீட்டோடு பிடித்திருந்த நங்கூர போல்ட்டுகள்.

அவை கடையில் மலிவாகக் கிடைக்கும், மின்முலாமாகத் துத்தநாகம் பூசிய சாதா எஃகு போல்ட்டுகள். அந்த முலாம் சில மைக்ரான்தான் இருக்கும். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டமானது கரைந்து உசத்தியானதைக் காப்பாற்றும். எது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். இங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் படி முழுவதும் ஒரு பக்கம், நான்கு போல்ட்டுகள் மறுபக்கம். பெரியதன் பாரத்தையெல்லாம் சின்னது சுமந்து கரைகிறது. ஒரு நட்டைச் சாவியால் திருப்பியபோது முனைகள் உதிர்ந்து வட்டமாக வந்தது. தலைகீழாக இருந்திருந்தால், அதாவது பெரிய கால்வனைஸ் படியில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால், இவ்வளவு மோசமில்லை. அப்படிப் போடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

வெளிப்படியில் போல்ட் எப்போதும் படியின் உலோகத்துக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. வாங்கும்போது தலையைப் பாருங்கள்: ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை.

என்னென்ன வழிகள் இருந்தன

முழுப் படியையும் கழற்றிவிட்டு 316இல் செய்யலாம் என்று பட்டறைக்காரரே விலை கொடுத்தார். 316இல் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேருகிறது, உப்பைத் தாங்கும் வலு கூடுகிறது. குழியரிப்பை, அதாவது புள்ளிபுள்ளியாகக் குழிவிழும் அரிப்பை, தாங்கும் திறனுக்கு ஓர் எண் கணக்கிடுவார்கள்: குரோமிய விழுக்காட்டோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்ட வேண்டும். 304க்கு அது 18, 19 வரும். 316க்கு 24, 25. 2205 என்ற டூப்ளெக்ஸ் ரகத்துக்கு 35 அளவில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூரைக்கு அடியில் கழுவப்படாமல் கிடந்தால் 316உம் பழுக்கும், கொஞ்சம் தாமதமாக. கழுவும் வழி இல்லாத இடத்தில் ரகத்தை ஒரு படி ஏற்றுவது நாளைத் தள்ளிப்போடுவதே. 2205 அவ்வளவு எளிதில் பழுக்காது, ஆனால் சின்ன அளவில் அந்தக் குழாயும் தகடும் தேடிப் பிடிப்பதும், அதற்குத் தெரிந்த வெல்டர் கிடைப்பதும் ஒரு வீட்டுப்படிக்கு அதிகம்.

மேற்பரப்பும் ரகத்தைப் போலவே முக்கியம். இதை யாரும் ஆர்டரில் எழுதுவதில்லை. ஹேர்லைன் என்று நாம் விரும்பி வாங்கும் கோடுபோட்ட பாலிஷில், கோடு ஆழமாக இருந்தால் உப்பு அதற்குள் தங்கும். கடலோரத்துக்கு மேற்பரப்புச் சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. கோடுகள் நிமிர்ந்து ஓடினால் மழைநீர் வழித்துக்கொண்டு போகும். கரகரப்பான 316ஐவிட வழவழப்பான 304 சுத்தமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாதா எஃகில் செய்து, 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைஸ் படியைப் பற்றியும் தம்பி கேட்டார். இது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். ஐஎஸ்ஓ 1461 தரநிலைப்படி 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகில் முலாம் சராசரியாகக் குறைந்தது 70 மைக்ரான், 6க்கு மேல் 85. துத்தநாகம் சி3 சூழலில் வருடத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் கரைகிறது, சி5இல் 4.2 முதல் 8.4. செந்தூலைச் சி3 என்று வைத்தால் 70 மைக்ரான் முலாம் குறைந்தது முப்பது வருடம் வரும். தஞ்சோங் பூங்காவில் கூரைக்கு அடியில் சி5 என்று வைத்தால் எட்டிலிருந்து பதினாறு வருடம். இவை முதலாண்டு வேகங்கள், போகப்போகப் பெரும்பாலும் குறையும் என்பதால் இது கைக்கணக்குதான். ஆனாலும் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை இது காட்டுகிறது. முலாமுக்கு மேல் சரியான பெயிண்ட் அடித்தால் இரண்டின் ஆயுளையும் கூட்டியதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

கால்வனைஸில் இரண்டு விஷயத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய குழாய்களுக்குக் காற்றும் துத்தநாகமும் போய்வரத் துளை வைத்தே முக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியில் வெடிக்கும். முக்கி வந்த பிறகு வீட்டில் வைத்து அறுத்து வெல்டிங் செய்யக்கூடாது. செய்தால் அந்த இடத்து முலாம் எரிந்துபோகும், எழும்பும் வெள்ளைப் புகையை முகர்ந்த வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை வைத்தியம். புகையை முகராமல் இருப்பதுதான் வைத்தியம்.

அலுமினியம் கடல்காற்றைத் தாங்கும் நல்ல உலோகம். படகு கட்டும் 5083 போன்ற ரகங்கள் அதற்கென்றே இருக்கின்றன. ஆனால் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் உத்தரம் பெரிதாக வேண்டும், ஈரக் கான்கிரீட்டைத் தொடும் இடத்தில் காரம் அரிக்கும், ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு நடுவில் நைலான் புஷ் வைக்காவிட்டால் அலுமினியம் கரையும். பினாங்கில் வீட்டுப்படியாக அதைச் சுத்தமாகச் செய்து தருபவர்கள் குறைவு.

"பத்துமலை மாதிரி சிமெண்ட்லயே கட்டியிருக்கலாம்" என்று டீச்சர் அலுத்துக்கொண்டார். அந்த 272 படிகளுக்கு மலையே அஸ்திவாரம். வீட்டுப் பக்கவாட்டில் அந்தக் கனத்துக்குத் தனி அடித்தளம் வேண்டும், உள்ளே இருக்கும் கம்பியும் கடல் உப்பிலிருந்து தப்பிக்காது.

வேறு காற்று, வேறு கணக்கு

டீச்சரின் மகள் டொரோண்டோவில் இருக்கிறார். இதைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டு முன்படிக்கு எது நல்லது என்று கேட்டார். அங்கே கடல் இல்லை, ஆனால் பனிக்காலத்தில் உப்பைக் கையாலேயே படியில் தூவுகிறார்கள். வசந்தம் வரும்வரை கழுவுவாரும் இல்லை. குளிரில் அரிப்பு மெதுவாக நடக்கும், உருகும் நாட்களில் முடுக்கிவிடும். சாதா உப்புக்குப் பதில் கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் குளோரைடோ தூவினால் ஈரம் இன்னும் நீண்டநேரம் நிற்கும். அங்கே மூடிய தகட்டைவிடத் திறந்த கிரேட்டிங் படி நல்லது, பனியும் உப்பும் கீழே விழுந்துவிடும். கனமான கால்வனைஸ் கிரேட்டிங், உப்புக்குப் பதில் மணல், வசந்தத்தில் ஒரு கழுவல். அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்றேன்.

வளைகுடாக் கடலோரம் அதற்கு நேர்மாறு. துபாயில் வேலைபார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே மழையே இல்லையே, எதைப் போட்டாலும் நிற்குமே என்பார்கள். மழை இல்லாததுதான் தொல்லை. கோடை ராத்திரிகளில் கடலோரக் காற்று ஈரத்தால் கனக்கும், உப்பும் தூசியும் சேர்ந்து படியும், கழுவ வானம் வராது. நம் டீச்சர் வீட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் நிலைமைதான் அந்த ஊர் முழுக்க. கடலைவிட்டு உள்ளே போன வறண்ட பாலையில் ஒழுங்காகப் பெயிண்ட் அடித்த சாதா எஃகே போதும்.

நம் பக்கத்திலேயே ஒப்பிட ஆள் இருக்கிறது. மலாக்கா நீரிணை அமைதியான கடல், அலை உடைவது குறைவு, உப்புத்தூறல் அதிக தூரம் வராது. ஸ்டெயின்லெஸ் பழுப்பேறுவதற்கு ஆஸ்திரேலியர்கள் வைத்திருக்கும் கணக்கில், அலை உடையும் கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், ஒதுங்கிய விரிகுடாவிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை எச்சரிக்கை. வடகிழக்குப் பருவக்காற்றை நேரே முகத்தில் வாங்கும் குவாந்தான், திரங்கானு கரைக்கு முதல் கணக்கும், ஜார்ஜ் டவுனுக்கு இரண்டாவதும் பொருந்தும். சென்னைக் கடற்கரையும் முதல் வகைதான்.

பினாங்கிலேயே பினாங்குக் கொடிமலை 833 மீட்டர் உயரம். அங்கே மேகம் வந்து உட்காருகிறது, எல்லாம் நசநசவென்று இருக்கும், ஆனால் உப்பு குறைவு. கால்வனைஸ் நன்றாக உழைக்கும். அந்த இடத்தில் துருநிறமே அழகு என்று விற்கப்படும் கார்டென் எஃகைப் போடச்சொல்லி ஓர் உள்ளலங்காரக்காரர் யோசனை சொன்னார், இது வேறொரு வேலையில். அந்த எஃகின் காப்புத்துரு கட்டுவதற்கு நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வரவேண்டும். எப்போதும் ஈரமான இடத்திலும் உப்புக்காற்றிலும் அது கட்டாது, கரைந்துகொண்டே போகும். வழியும் துருநீர் தரையையும் கெடுக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

செய்தது

படியைக் கழற்றவில்லை. உத்தரமும் படித்தகடும் 304ஆகவே இருக்கட்டும் என்று முடிவானது.

முதல் வேலை போல்ட். ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டாக, படிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, பழையதை எடுத்து ஏ4 நங்கூரங்களைப் பிசின் வைத்துப் பதித்தார்கள். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் உரசி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மரைக்குப் பசை தடவச் சொன்னேன். பட்டறைக்காரர் இந்தச் செலவை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

பழுப்பை எடுக்க நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலப் பசை பூசலாம். பட்டறையில் அதுதான் வழக்கம். குடியிருக்கும் வீட்டில், கீழே பூந்தொட்டியும் பூனையும் இருக்கும் இடத்தில் அதை அனுமதிக்க எனக்கு மனமில்லை. பாஸ்பரிக் அமிலமும் மின்சாரமும் சேர்ந்து வேலை செய்யும் கார்பன் தூரிகையால் வெல்டிங் வெல்டிங்காகத் துடைத்தார்கள். மெதுவான வேலை, ஆனால் வெந்த நிறம் அப்படியே வெள்ளி வெள்ளியாகக் கழன்று வந்தது. அங்குல வெல்டிங் இடைவெளிகளை எல்லாம் முழுநீளத்துக்கு மூடி, உத்தரக் குழாயின் அடியில் நீர்வடியும் துளை போட்டார்கள். சாதா இரும்பு அறுத்த கிரைண்டர் வட்டுகளைத் தொடக்கூடாது என்று சொல்லி, புதிய வட்டுகளை டீச்சர் வீட்டு மேசையிலேயே பிரித்துக் கொடுத்தேன்.

கைப்பிடியை மட்டும் முழுதாக மாற்றினோம்: 316, மெருகு 0.5 மைக்ரானுக்குக் கீழ். இந்த முறை ரகமும் மெருகும் பில்லில் எழுத்தாக வந்தன, ஆலைச் சான்றிதழின் நகலோடு. 201க்கு 304 காசு வாங்கியதற்காக இதில் ஒரு பகுதியைப் பட்டறைக்காரர் கழித்துக்கொண்டார். எவ்வளவு என்பதில் அக்காளுக்கும் அவருக்கும் நடுவே தம்பி தூது போனது தனிக்கதை.

கூரையை எடுக்கக் குடியிருப்பவர் சம்மதிக்கவில்லை. நியாயம்தான், சாவியைத் தேடும்போது அவர்தான் நனைகிறார். அதனால் நடு லேண்டிங்கில் ஒரு தண்ணீர்க் குழாயும் சுருட்டி வைக்கும் ஹோஸும் போட்டோம். முழு வேலையிலும் மலிவான உருப்படி அதுதான், அதிகம் பலன் தருவதும் அதுதான். கூரைக்கு அடியிலுள்ள படிகளை, முக்கியமாக அடிமுகத்தை, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம், பிளீச் கூடவே கூடாது.

ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்களில் மறுபடி போய்ப் பார்த்தபோது கைப்பிடியும் வெல்டிங் மூட்டுகளும் சுத்தமாக இருந்தன. மேல் லேண்டிங்கின் அடிமுகத்தில், ஹோஸ் எட்டாத மூலையில், ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பு திரும்பியிருந்தது. நீண்ட கம்பு வைத்த ஈரத்துணியால் துடைத்தபோது பாதி போயிற்று. மீதிக்கு அடுத்த வருடம் தூரிகைக்காரரைக் கூப்பிட வேண்டும், அல்லது அந்த ஒரு தகட்டை மட்டும் 316க்கு மாற்ற வேண்டும். டீச்சர் இன்னும் முடிவெடுக்கவில்லை. செந்தூல் தம்பி பின்கட்டுக்கு இன்னொரு படி போடப்போகிறார். அதற்கு ஸ்டெயின்லெஸ்ஸே வேண்டாம், 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள எஃகில் கால்வனைஸ் போதும் என்று சொல்லியிருக்கிறேன். மிச்சமாகும் பணத்தில் போல்ட்டை மட்டும் ஏ4 ஆக வாங்கட்டும்.